காதுக்காரரின் குரலைத் திருப்பிக் கொடு

எங்கள் காதுக்காரரின் பதினோரு ஆண்டுக் குரலை ஒரு நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. இந்த அநியாயத்தைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்ல எனக்கு வாய் வரும்.

தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் அவர்களே, எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வந்திருக்கும் மெக்கானிக்குகளே, மூத்தோரே, தையல் மெஷினை மிதித்தே பிள்ளைகளைக் கரையேற்றிய தாய்மார்களே, வணக்கம்.

முதல் வரிசையில் கழுத்தில் துண்டு சுற்றி அமர்ந்திருப்பவர்தான் காதுக்காரர். மெஷினைத் தொடமாட்டார்; அது ஓடும் சத்தத்திலேயே கோளாறைச் சொல்லிவிடுவார். நாம் மெஷின் அருகே செல்போனைப் பிடித்துச் சத்தத்தை அந்த நிறுவனத்தின் செயலியில் அவருடைய பக்கத்தில் போடுவோம். "எண்ணெய் விடாதப்பா, ஷட்டில்ல நூல் சிக்கியிருக்கு, முதல்ல கழட்டு" என்று அவர் குரல் பதில் சொல்லும். நமக்கு வேறு பள்ளிக்கூடம் ஏது? உழைத்தது நாம், உருவாக்கியது நாம். உரிமை மட்டும் அவர்களுக்கா?

சென்ற மாதம் அந்தப் பக்கத்தை முடக்கினார்கள். என்ன குற்றம்? சொல்லவில்லை. யாரைக் கேட்பது? ஆளே இல்லை. "நீங்கள்தான் அவர் என்று நிரூபிக்க, இந்த வாக்கியத்தை உரக்கப் படியுங்கள்" என்றது திரை. தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரலையே இழந்தவரிடம் கேட்கிறது, ஐயா. அவர் மனைவி படித்துப் பார்த்தார். குரல் பொருந்தவில்லையாம். காதுக்காரர் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார்: "என் குரல் அவங்ககிட்டதானே இருக்கு? அதையே கேட்டுக்கச் சொல்லுங்கண்ணே."

பின்னால் யாரது? "அண்ணே, இந்தக் கூட்டத்துக்கு நீங்களே அந்தச் செயலியிலதானே அழைப்பு அனுப்பினீங்க?"

ஆமாம் தம்பி. வேற எதுல அனுப்பியிருந்தா நீ வந்திருப்ப?

சிரிக்கிறீர்கள். எல்லோரும் அங்கே இருப்பதால் எவராலும் வெளியேற முடியவில்லை. இதைத்தான் அந்த நிறுவனத்தின் பிடி என்கிறேன்.

நம் தவற்றையும் சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில், கடைப் பலகைகளில் தொலைபேசி எண்ணை அழித்து அந்த நிறுவனத்தின் சின்னத்தை வரையத் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான். "நம்ம வாசல்ல அவன் அடையாளம் எதுக்குண்ணே?" என்று காதுக்காரர் ஒருவர்தான் கேட்டார். "காலத்தோட ஓடுப்பா" என்று வாயை அடைத்தேன். இன்று பலகையில் எண் இல்லை, சின்னத்துக்குப் பின்னால் பக்கமும் இல்லை, கடைக்கு ஆளும் இல்லை. நேற்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் கடைப் பலகையை விரலால் காட்டினார்.

ஆகவே, அந்த நிறுவனம் ஒவ்வொரு பதிவையும் திருப்பித் தர வேண்டும். முடக்கிய காரணத்தை ஒரு மனிதர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். எவரும் தம் பதிவுகளோடு வெளியேறவும், ஒரு செயலியில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசவும் அரசு சட்டம் இயற்ற வேண்டும். மெக்கானிக்குகள் தத்தம் செல்போனில் சேமித்த பதில்களைத் தேடி நம் சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அவற்றைச் சங்கத்தின் சொந்தக் கணினியில் சேர்க்க வேண்டும். தாய்மார்கள் மெஷின் முனகினால் காதுக்காரர் கடைக்கே போன் போட வேண்டும்: அவர் கேட்பார், அவர் எழுதுவதை அவர் மனைவி, எங்கள் தங்கை, படித்துச் சொல்வார்.

செவிகொடுத்த அவைக்கு நன்றி, வணக்கம். நாளைக் காலை அவர் கடைப் பலகையில் அந்தச் சின்னத்தைச் சுரண்டி எண்ணை எழுத வேண்டியவன் நான். ஏணியைப் பிடிக்க ஒருவர் வர வேண்டும்.