கல்யாண பேனரில் யார் கிரிமினல்?

திருவண்ணாமலை பஸ் செஞ்சியை விட்டுக் கிளம்பும்போதே முன்சீட்டு இளைஞர்கள் இருவருக்கும் தகராறு. நண்பனின் கல்யாணத்துக்கு அடிக்கப்போகும் பேனர் ஒருவனுடைய போனில் இருந்தது. மாப்பிள்ளை சிறைக் கம்பிக்குப் பின்னால் சிரிக்கிறார். கீழே நண்பர்களின் முகங்கள், ஆளுக்கொரு பட்டத்தோடு.

"இன்னாடா, என்னை சஸ்பெக்ட்னு போட்டுக்கீற?"

"நல்லாதான இருக்குது?"

"அவனுக்குப் பொண்ணு பார்க்கக் கூடவே அலைஞ்சவன் நானு. சஸ்பெக்ட்னா ஒண்ணுமே செய்யாதவன் மாதிரி இருக்குது. எங்க மாமா பொண்ணு வேற வரும். கிரிமினல்னு மாத்துடா."

"கிரிமினல சேகருக்குக் குடுத்தாச்சு. அவன் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடறான்."

"அப்ப அக்யூஸ்ட்?"

"அது மாப்பிள்ளைக்கு. வேணும்னா ரவுடி இருக்குது."

"ரவுடின்னா எங்கம்மா திட்டும். இங்கிலீஷ்ல எதுனா டீசன்ட்டா போடு."

கோட்டை வருவதற்குள் 'கல்ப்ரிட்' என்று முடிவானது. கேட்டவன் முகத்தில் பதவி உயர்வு கிடைத்த களை. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"டேய், கல்யாணப் பொண்ணோட அப்பா போலீஸ் ஏட்டாச்சே. இதைப் பார்த்தா?"

"பார்த்துட்டாரு. காலைலயே போன் பண்ணிக் கத்தினாரு."

"ஐயையோ. பேனரே வேணாம்னுட்டாரா?"

"அவர் போட்டோவைப் போடலியாம்."

"போலீஸ்காரர இன்னான்னுடா போடறது?"

"நானும் அதான் கேட்டேன். கேங் லீடர்னு போடச் சொல்லிட்டாரு."