உறக்கத்தில் நீந்துகிறவர்

— மறைக்காதிய அம்மா, கையைக் காட்டுங்க. நீலம் பாஞ்சு கெடக்கு.

— அலமாரில இடிச்சதுட்டி பிரீனா. பைய பேசு, அப்பா முழிச்சிரப் போறாவ. பிளேன்ல இருந்து எறங்கி நேரா வந்தவ, மொதல்ல கட்டஞ்சாயா குடி.

— அலமாரிக்கு அஞ்சு விரலா இருக்கு? மஸ்கட்டுல நான் நர்ஸ் வேலைதாம்மா பாக்குகேன். அப்பா அடிச்சதுதானே?

— அடிச்சதா! எங்கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து ஒரு கடுஞ்சொல்லு சொல்லாத மனுஷன். அவிய நீந்துனாவ, கேட்டியா. கை வந்து பட்டுது.

— நீந்துனாவளா? சட்டைப் பட்டனே நீங்கதான போட்டு விடுகிய!

— அது பகல்லட்டி. இந்தா, விடிஞ்சும் விடியாத இந்த நேரம் வந்தா கனவுல கோதையாத்துல நீச்சல்தான். வெளிய பாரு, மஞ்சு எறங்கி ரப்பர் மரமே தெரியல. திற்பரப்பு அருவி எரையுத சத்தம் மட்டும் வருது. அதைக் கேட்டுக்கிட்டேதான் எறங்குவாவன்னு நெனைக்கேன். கட்டிலுல கெடந்து ரெண்டு கையையும் வீசி வீசி... ஒரு நடுக்கம் கெடையாது. என்ன ஒரு சொகமான வீச்சு!

— பார்க்கின்சன்ல அப்பிடி உண்டும்மா. கனவு காணும்போது உடம்பு அசையாமக் கெடக்கணும். இவியளுக்கு அந்தப் பூட்டு கழண்டு போச்சு. அதுக்குத்தானே டாக்டர் ராத்திரி மாத்திரை எழுதினாரு? குடுக்கியதானே?

— நீ அனுப்புன காப்ஸ்யூலை ஒரு நேரம் தவறாமக் குடுக்கேன். நெல்லிக்காயும் அரைச்சுக் குடுக்கேன். அது என்ன மருந்துட்டி, பேரு வாயில நொழையல.

— ஆன்ட்டிஆக்ஸிடன்ட்.

— அதான். அது என்ன செய்யும்? எனக்கு விளங்குத மாதிரி சொல்லு.

— கை காலை ஆட்டி வைக்கிற செல்லு மூளையில கொஞ்சம் இருக்கு. ராப்பகலா எரியுத அடுப்பு மாதிரி. எரிய எரியக் கரி பிடிக்கும்லா? கரி கூடுனா அந்தச் செல்லே செத்துப் போவும். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்லுவோம். கரியைத் தொடைக்கத்தான் இந்த காப்ஸ்யூல்.

— தொடைச்சா, போனது திரும்புமா?

— இல்லம்மா. வைட்டமின் ஈ முதக்கொண்டு குடுத்துப் பெரிய பெரிய ஆராய்ச்சியில பாத்தாச்சு. நோய் நிக்கல.

— பின்ன எதுக்குட்டி மாசாமாசம் அனுப்புன?

— வேற என்னத்தம்மா அனுப்புவேன்?

— அய்யோ, அழாத மக்ளே. அதை முழுங்கும்போது அவியளுக்கு ஒரு சந்தோசம். "மொவ அனுப்புனது"ன்னு உதடு அசையும்.

— பேச்சை மாத்தாதிய. ராத்திரி மாத்திரை எங்க?

— பிஸ்கட் டப்பால இருக்கு. மிச்சம் எல்லாம் அப்பிடியே இருக்கு.

— அம்மா! உள்ளதுல பலன் உள்ளது அது ஒண்ணுதான்!

— பலன் இருந்ததுனாலதான் நிறுத்தினேன். கொஞ்ச நாள் குடுத்துப் பாத்தேன். மரக்கட்டை மாதிரி உறங்குனாவ, ஒரு சத்தம் இல்ல. பகல்ல பேசுதது எனக்கே கேக்காது, வாய்கிட்ட காதைக் கொண்டு வைக்கணும். உறக்கத்துல அந்தப் பழைய தொண்டை வருதுட்டி! சர்ச் கொயர்ல பாடுன தொண்டை. "செல்லம், தலை துவட்டத் துவர்த்து எடுத்துட்டுக் கரைக்கு வா"ன்னு விளிப்பாவ. நானும் "இன்னா வந்துட்டேன்"னு சொல்லுவேன். அதுக்கு ஒரு அடி பட்டா என்ன?

— நாளைக்குக் கண்ணுல பட்டா? அவிய உருண்டு கீழ விழுந்தா? இன்னைக்கே மாத்திரை குடுக்கணும்.

— குடு. நீ படிச்சவ, உன்னைத் தடுக்க மாட்டேன். எனக்கு அந்தச் சத்தம் வேணும்ட்டி, அவ்வளவுதான்.

— எனக்கு வேண்டாமா? போன்ல அப்பா, அப்பான்னு தொண்டை கிழியக் கத்துவேன். மூச்சு மட்டும்தான் கேக்கும்.

— ஷ்... பாரு, கை அசையுது. எறங்கியாச்சு.

— அப்பா...

— விளிக்காத, முழிச்சிருவாவ. இங்கோட்டு தள்ளி நில்லு.

— ஏ பிரீனா! பயப்படாத மக்ளே! தலையைத் தூக்கு, காலை வேகமா அடி! அப்பா வயித்துல தாங்கிப் பிடிச்சிருக்கேன், விடமாட்டேன். ஆங்... நல்லா நீந்துத, கொள்ளாம், கொள்ளாம்!

— கேட்டியாட்டி?

— அம்மா, நீங்க அடுத்த ரூம்ல போய்ப் படுங்க. லீவு தீருதது வரைக்கும் அப்பா பக்கத்துல நான் படுக்கேன்.