பதினோரு கட்டுரைகளில் கடைசிப் பெயர்

இந்தக் காபியைக் குடித்துவிட்டு ஒருவர் உயிரோடு எழுந்து நடந்தால் அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனாலும் நன்றி, திருமதி ஹாலோரன். என்னை விசாரிக்கப் பல்கலைக்கழகம் வெளியூரிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருக்கிறது என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் சொல்வதை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. என் நாய்கூடப் பாதியில் எழுந்து போய்விடும்.

எழுதியவர் யார் என்பதை அளப்பது என் தொழில். ஒரு ஆய்வுக் கட்டுரையின் தலையில் ஆறு பெயர்கள் இருந்தால் யாருக்கு எவ்வளவு பெருமை சேர வேண்டும் என்று கணக்கிடுவேன். சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். வேதியியலில் முதல் பெயர் ராப்பகலாக உழைத்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்கள் கல்யாண போட்டோவில் எட்டிப் பார்ப்பவர்கள். இயற்பியலில் ஒரே கட்டுரைக்கு ஊரே ஆசிரியர். பெயர்ப் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் நட்சத்திரம் ஒன்று பிறந்து வளர்ந்து அணைந்துவிடும். கணிதக்காரர்கள் மட்டும் பெயர்களை அகரவரிசையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். அங்கே யார் முதலில், யார் கடைசியில் என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

உங்களை இங்கே கொண்டுவந்ததே ஒரு வேடிக்கைதான். கொலராடோவில் சிலர் ஒரு கணினி நிரலி செய்தார்கள். எழுத்து நடையைப் பார்த்து, எழுதியது எத்தனை பேர் என்று அது சொல்லிவிடுமாம். அதைச் சோதிக்க, எந்தச் சந்தேகமும் இல்லாமல் தனியாகவே எழுதிய ஒருவர் தேவைப்பட்டார். என்னைப் பிடித்தார்கள். என் முதல் புத்தகத்தை ஒருவர் எழுதினார், மற்றவற்றை இன்னொருவர் எழுதினார் என்று நிரலி அடம்பிடித்தது. பாவம், நிரலியில்தான் பிழை என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்கள். நான் அன்று சிரித்த சிரிப்பில் விலா எலும்பு பிசகிக்கொண்டது.

அந்த இன்னொருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரேனா ஸெலின்கா, என் ஆய்வு உதவியாளர். அவர் உங்களிடம் சொன்னதைச் சற்று முன் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "நான் கூட்டல் கழித்தல்தான் பார்த்தேன். இங்க எனக்கு நிரந்தர வேலை இல்லன்னு ஆனப்ப, வான்னு கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். அவர் மேல ஒரு சொல் வரக்கூடாது." பிறகு நீங்கள் கோப்பை மூடினீர்கள். நிரந்தரப் பணியை முடிவு செய்யும் குழு ஏதோ தவறு செய்தது, அவர் தற்செயலாக உங்களிடம் வந்து சேர்ந்தார், அவருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதானே என்றீர்கள். ஆமாம் என்று தலையாட்டினால் நான் வீட்டுக்குப் போகலாம்.

அந்தத் 'தற்செயல்' என்ற சொல்தான் எனக்கு ஒத்துவரவில்லை. செய்தவருக்குச் சேர வேண்டியது செய்தவருக்குச் சேர வேண்டும். வாழ்நாளெல்லாம் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரேனா அப்போது கணிதத் துறையில் உதவிப் பேராசிரியராக ஆறாம் வருடத்தில் இருந்தார். எங்கள் உணவுக்கூடத்தில் சூப் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார்.

"புரொபசர் ஆபெர்க், கோவிச்சுக்காதீங்க. உங்க அளவுகோல் மூணு பேருக்கு மேல போனா உளறுது."

"உளறுதா?"

"குடிச்சவன் மாதிரி. பேனா இருக்கா?"

நான் வருடக்கணக்காக முட்டி மோதிய சிக்கலை அவர் ஒரு காகிதக் கைக்குட்டையில் அவிழ்த்தார். சூப் ஆறவில்லை. நான் கோபப்படவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சூப்புக்கும் நானே காசு கொடுத்தேன். இவ்வளவு பெரிய மூளை தன் சொந்தக் கணிதத்துக்குப் போய்விடும், என் துறையைப் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கும் என்று வருத்தப்பட்டேன்.

அந்தப் பிப்ரவரியில் அவருக்கு நிரந்தரப் பணி கொடுப்பதா என்று குழு கூடியது. இல்லையென்றால் ஒரு வருடத்தில் பெட்டி கட்ட வேண்டும். அன்று கொட்டிய பனியில் ஏரியே எழுந்து ஊருக்குள் வந்துவிட்டது என்றுதான் சொல்வேன். கணிதத் துறையிலிருந்து வர வேண்டியவரின் கார் பனியில் புதைந்துவிட்டது. தலைமை டக் பெர்க்விஸ்ட், வேதியியல்காரர்.

"பதினோரு பேப்பர்," என்றார் டக். "ஒண்ணுலகூட முதல் பேர் இல்லப்பா. எல்லாத்துலயும் கடைசி. இந்த வயசுல இவங்க யாருக்குத் தலைவி? சும்மா ஒட்டிக்கிட்டு வந்திருக்காங்க போல."

வெளியூர்க் கணிதக்காரர்கள் எழுதிய பரிந்துரைகள் இரேனாவைப் பாராட்டித் தள்ளியிருந்தன. பெயர் வரிசையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாத மனிதர் உலகில் இருப்பார் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. டக் என் பக்கம் திரும்பினார்.

"ஆர்னே, நீதானே இதுக்கெல்லாம் பண்டிதன். இவங்க துறையில வரிசைக்கு வேற ஏதாவது அர்த்தம் உண்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டக்கின் முழங்கைக்குப் பின்னால் அலமாரியில் என் புத்தகம் இருந்தது. நான்காம் அத்தியாயம் முழுக்க இதே விஷயம். அந்த அறையில் அதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. திறந்து பார்த்தவரும் இல்லை. யாராவது கையை நீட்டியிருந்தால் போதும், என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"வரிசைன்னா வரிசைதான், டக்," என்றேன்.

நுண்ணுயிரியல் பேராசிரியை ஒருவர் பேனாவை வைத்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "கணிதத் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரலாமே. ஒரு நிமிஷம்."

அந்த அம்மாள் போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். "தாராளமா கேளுங்க. யாராவது எடுத்து, யாரையாவது கேட்டு, திரும்பக் கூப்பிடுற வரைக்கும் காத்திருப்போம். அதுக்குள்ள ரோடு மூடிட்டா இங்கயே ஆளுக்கொரு மேஜையில படுத்துக்கலாம். டக் குறட்டை விடுவாரு, சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார். கை தூக்கி, இரேனா வேண்டாம் என்று முடித்தோம்.

மறுவாரம் இரேனா என் அறைக்கு வந்தார். மேல்முறையீட்டுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அவருக்காக உள்ளே வாதாடியவன் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒரே ஒரு வரி, புரொபசர். எங்க துறையில அகரவரிசைன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும். நீங்க சொன்னா கேப்பாங்க."

எழுதுகிறேன் என்றேன். வேறு யாரிடமும் போக வேண்டாம், பலர் பேசினால் காரியம் கெடும் என்றும் சொன்னேன். நான் எழுதவில்லை. கெடு முடிந்த பிறகு, எழுதினேன், அவர்கள் கேட்கவில்லை என்றேன். அவர் அழுதார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அம்மா ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் படுக்கையாகக் கிடந்தார். அவரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போக இரேனாவால் முடியாது. அது எனக்கு முன்பே தெரியும். என்னிடம் ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் என் கையெழுத்தில் புதுப்பிக்க வேண்டிய வேலை. ஒரு மே மாதம்கூட நான் தவறியதில்லை. இதையெல்லாம் யாரும் குறிப்பில் சேர்ப்பதில்லை.

இப்படியே பத்தொன்பது வருடம். எனக்கு விருது வாங்கிக்கொடுத்த புத்தகம் நினைவிருக்கிறதா? ஆய்வகங்களில் உழைத்தும் பெயர் விடுபட்டுப்போன பெண்களைப் பற்றியது. அரங்கில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நானும்தான். முழுவதும் இரேனா எழுதியது. 'நாங்கள்' என்று அவர் எழுதியிருந்த இடங்களை 'நான்' என்று மாற்றினேன். அதற்கே ஒரு வாரம் முதுகு ஒடிந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் வழக்கம்போலக் கசகசா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். "நீங்க இல்லன்னா எங்கம்மாவோட கடைசிக் காலத்துல நான் பக்கத்துல இருந்திருக்க முடியுமா, புரொபசர்?" என்றார். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. அவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. கதவைத் திறந்து நீங்களே சொல்லுங்கள். என்னைவிடப் பக்குவமாகச் சொல்வீர்கள். நான் சொன்னால் அவர் எனக்குத்தான் ஆறுதல் சொல்வார்.

புத்தகங்களில் அவர் பெயரைச் சேர்க்க எனக்கு ஆட்சேபணை உண்டா என்றும் கேட்டீர்கள். துளியும் இல்லை. எல்லாவற்றிலும் சேருங்கள். நான் கஞ்சன் அல்ல. ஆனால் இரக்கப்பட்டு இடத்தை மாற்றிவிடாதீர்கள். இரக்கத்தால் இந்தத் துறை கெட்டது போதும். அவருடைய துறைக்கென்று ஒரு முறை இருக்கிறது. அன்று அந்த அறையில் அதை யாரும் மதிக்கவில்லை. இப்போதாவது மதிப்போம், அதுதான் அவருக்கு நாம் செய்யும் நியாயம். அகரவரிசையில் போடுங்கள். முதலில் ஆபெர்க், பிறகு ஸெலின்கா.