வலதுபக்க எஞ்சின்

நான் தரையைப் பார்த்தே நடக்கிறவன். உங்கள் விசாரணை அலுவலக மாடிப்படியில் ஏறிவரும்போதுகூட ஒரு திருகாணி கிடந்தது. எடுத்து இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் தரைப்பணிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். கீழே கிடக்கிற சின்ன ஆணியையும் எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். பத்தொன்பது வருடமாக, விமானம் வந்து நிற்கிற நாலாம் நிறுத்தத்தை அப்படித் துடைத்து வைத்திருந்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். விமானம் வந்து நிற்கும்போது அதன் வயிற்றடியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடுகிறது என்று அர்த்தம். அது அணைகிறவரை யாரும் தரையில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டக்கூடாது. அணைந்த பிறகு ஒருவர் போய் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, எஞ்சின் முன்னாலும் இறக்கை ஓரத்திலும் எச்சரிக்கைக் கூம்புகளை வைப்பார். சில விமானிகள் விளக்கை அணைக்க மறந்துவிடுவார்கள். அப்போது ஹெட்செட் மாட்டியிருக்கும் குழுத் தலைவர் விமானியிடம் கேட்டுவிட்டு, போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்துவார். தலைவர் நான். கட்டையும் கூம்பும் வைக்கிறவர் என் சகலை, என் மனைவியின் தங்கை புருஷன்.

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். "நிதானம் கூம்பு வச்சு முடிக்கிறதுக்குள்ள விமானத்துக்கே வயசாயிடும்" என்று இழுவை வண்டி டிரைவர் கிண்டலடிப்பார். அவர் சிரித்துக்கொள்வார். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே நான்தான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

போன வருடம் கேன்டீன் வாசலில் பாதுகாப்புப் பிரிவு ஒரு பெட்டி வைத்தது. குறை இருந்தால் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். மூன்று மாதத்தில் என்னைப் பற்றி நாலு சீட்டு வந்தது. நாலிலும் ஒரே வரி: விமானம் வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைத் தலைவர் சொல்வதில்லை. பாதுகாப்பு அதிகாரி அம்மாள் அதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். இன்னொன்று வந்தால் என்னைத் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கி, பயணிகளின் பெட்டி ஏற்றுகிற பிரிவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். எனக்கு முகம் காட்ட முடியவில்லை.

எழுதியது யார் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் நிதானம் பேச்சை நிறுத்திவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் பேனா வைத்திருப்பார். கூம்பு வைக்கிற ஆளுக்கு எதற்குப் பேனா? தேநீர் குடித்துவிட்டு என் டம்ளரையும் சேர்த்துக் கழுவிவைப்பார். மனசு உறுத்தாதவன் அடுத்தவன் டம்ளரைக் கழுவ மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு விமானம் வருவதற்கு முன்பும் என்னிடம் வந்து, "ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்கா சகலை?" என்று கேட்பார். நாலு பேர் காதில் விழும்படி கேட்பார்.

வீட்டில் சொன்னேன். "உங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் கேக்கறாரு. தங்கமான மனுஷன்ங்க அவரு" என்றாள் மனைவி. தங்கை புருஷனை அவள் விட்டுக்கொடுப்பாளா. அதிலிருந்து அவளிடமும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று காலை பத்தேகால் விமானத்தைப் பற்றி எனக்கு வாக்கி-டாக்கியில் தகவல் வந்தது. நிற்கும்போது மின்சாரம் தருகிற, வாலில் இருக்கிற சின்ன எஞ்சின் பழுது. நம் மின்சாரக் கேபிளை மாட்டுகிறவரை விமானத்துக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதால், நின்ற பிறகும் வலதுபக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் குழுவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதல் விசாரணையில் சொன்னேன். மனிதருக்கு மறதி சகஜம் என்று அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

கேமராவில் என் கை தெரிகிறது என்று நீங்கள் சொன்ன பிறகு அதையே சொல்லிக்கொண்டிருப்பது சரியாக இருக்காது. நான் மறக்கவில்லை. நிதானம் வழக்கம்போல வந்து கேட்டார். "எப்பவும் போலத்தான், ஒண்ணுமில்ல" என்றேன். எஞ்சின் ஓடும்போது அவர் கோட்டைத் தாண்டினால், பார்த்துவிட்டு நானும் ஒரு சீட்டு எழுதிப் போடலாம் என்பதுதான் என் யோசனை. காகிதம்கூட மடித்து வைத்திருந்தேன்.

விமானம் வந்து நின்றது. இடதுபக்க எஞ்சின் அடங்கியது. பக்கத்து நிறுத்தத்தில் வேறொரு விமானம் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. காதடைப்பான் போட்டவருக்கு எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நிதானம் கோட்டைத் தாண்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். அவசரக்காரராக இருந்திருந்தால் அவர்பாட்டுக்குப் போயிருப்பார், என் தலையில் எதுவும் விழுந்திருக்காது. அவர் விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வலது எஞ்சின் ஓடுகிறது, கேபிள் எங்கே என்று விமானி என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அவர் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிமிர அரை நிமிடம் ஆனது. இரண்டு கையையும் குறுக்காகக் காட்டி ஒருவரை நிறுத்த அரை நிமிடம் தாராளம். நான் உயர்த்திய கையை இறக்கவில்லை. அவர் கூம்பை எடுத்துக்கொண்டு வலதுபக்கம் போனார். கூம்பு முதலில் எஞ்சினுக்குள் போனது. அவர் அதை விடாமல் பிடித்திருந்தார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் பெட்டியில் ஐந்தாவது சீட்டு விழுந்ததாகச் சொல்கிறீர்கள். அதே கையெழுத்து, அதே வரி. இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நேற்று முழுக்க யோசித்தேன். நிதானத்துக்கு ஒரு கூட்டாளி இருந்திருக்கிறான், அவ்வளவுதான். என் குழுவில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். அந்த ஆளைக் கண்டுபிடிக்கிறவரைக்குமாவது என்னை அங்கே தலைவராகவே விட்டுவையுங்கள்.