கோச்சுக்கு வைத்த நண்டுக்கறி

"உந்தக் கோச்சுக்கு நான் நண்டுக்கறி வச்சுக் குடுத்தனான்!"

பிக்கரிங்கில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு எதிரே இருந்த பெண் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். என் நித்திரை போய்விட்டது. பக்கத்தில் கணவர். அவர்கள் 'தம்பி' என்று கூப்பிடும் மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறான். வீட்டுக்கே வந்து அவனைக் கேட்டுக் கூட்டிப்போன பயிற்சியாளரான அந்தக் கோச், இப்போது அதைவிடப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

"எங்கட சோபாவில இருந்து, 'என்ர பிள்ளை மாதிரிப் பார்ப்பன்' எண்டு சொன்ன மனுசன். இப்ப தம்பி ஃபோன் அடிச்சாலும் எடுக்கிறாரில்லை."

"அந்தாள் வெல்ல வெல்லப் பெரிய இடங்களில கூப்பிடுகினம், போறார். நானும் சம்பளம் கூட எண்டு வேலை மாறினனான்தானே?" என்றார் கணவர்.

"நீங்கள் ஒருத்தற்ற வீட்டையும் போய்ப் பிள்ளையைக் கேக்கேல்லை."

அந்தக் கோச்சுக்குப் பரிந்து பேச இந்தக் கணவருக்கு எப்படி மனம் வந்ததோ.

"தம்பியின்ர யூனிவேர்சிற்றிக்கு வந்திருக்கிற புதுக் கோச் தன்ர ஆக்களைத்தான் இறக்குவாராம். தம்பி இனி விளையாடாமல் வாங்கிலதான் குந்தியிருக்கவேணும்," என்றார் மனைவி.

"அதுதானே வேற யூனிவேர்சிற்றிக் கோச் ஒருத்தர் அவனைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறார். வடிவாய்க் கவனிக்கவேணும். என்ன சமைக்கப்போறீர்?"

"தேத்தண்ணி."

"தேத்தண்ணி மட்டுமோ?"

"தம்பி படிச்சு முடிக்கிற அண்டைக்கும் உவர் அங்கயே நிண்டாரெண்டால், அப்ப வரச்சொல்லுங்கோ. நண்டு வைக்கிறன்."