வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்

எனக்குப் பல்வலி வந்தால் நானும் இன்னொரு டாக்டரிடம் போய்த்தான் வாயைத் திறக்க வேண்டும். தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாத முடிதிருத்துபவரின் கதைதான். பக்கத்துத் தெருவில் என்னோடு படித்தவன் ஒருவன் கிளினிக் வைத்திருக்கிறான். நாற்காலியில் சாயும்போதே, "டேய், மரத்துப்போற ஊசியைக் கொஞ்சம் தாராளமாவே போடு" என்று சொல்லிவிடுவேன். அவன் சிரிப்பான். எனக்கு வலி தாங்காது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

விசாரணைக் குழுவினரான நீங்கள், நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரச் சொன்னீர்கள். வக்கீல் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அவர் எழுதினால் வழவழா கொழகொழா என்று இருக்கும். எனக்கு எதையும் நேராகச் சொல்லித்தான் பழக்கம்.

கண்டக்டரை முதன்முதலில் கூட்டி வந்தது அவருடைய அக்கா. கண்டக்டர் என்பது நான் வைத்த செல்லப்பெயர். ஆட்டிசம் உள்ளவர், நல்ல உயரம், இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். அதிகம் பேச மாட்டார். ஆனால் தான் வந்த பஸ்ஸின் நிறுத்தங்களை மட்டும் வரிசை பிசகாமல் சொல்லுவார். தண்ணீர்த் தொட்டி, கோர்ட், பழைய மார்க்கெட், பாலம், தபாலாபீஸ். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் நாற்காலியில் ஏறுவார். பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"எதைச் செஞ்சாலும் முன்னாடியே சொல்லிட்டுச் செய்ங்க டாக்டர்," என்றார் அக்கா. "வரிசையா சொல்லிட்டா ஊசிகூடப் போட்டுப்பான். திடீர்னு தொட்டாத்தான் நடுங்கிப்போயிடுவான். என்ன, கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு அப்படியே செய்தேன். கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர்க் குழாயை உள்ளங்கையில் பீச்சிக் காட்டினேன். டிரில் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்கவைத்தேன். எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுறேன்." அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்து, சொத்தையை அடைத்தேன். அவர் கையைத் தூக்கவே இல்லை. வெளியே வந்து பார்த்தால் வரவேற்பறை நிரம்பி வழிகிறது. தாடை வீங்கிய ஒருவர் என்னைக் கண்ணாலேயே எரித்தார்.

அடுத்த தடவை, சின்னச் சொத்தைதானே என்று ஊசியை விட்டுவிட்டேன். டிரில்லை வைத்ததும் அவருடைய இடது கை மேலே போனது. "இதோ முடிஞ்சுது" என்றேன். முடியவில்லை, பேச்சுக்குச் சொல்வதுதான். வேறு யாராவது என்றால் என் கையைத் தட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இவர் மூச்சுக் காட்டவில்லை. கையைத் தூக்கியபடி, நான் நிறுத்துவேன் என்று காத்திருந்தார். நான் அடைத்து முடித்தேன். முதல் தடவை ஆனதில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும்?

அப்புறம் ஒரு கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை வந்தது. நரம்பு இன்னும் உயிரோடு இருந்த பல். அன்றைக்குத்தான் எனக்கு உதவிக்கு நிற்கும் நர்ஸ் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"சார், அவரு கையைத் தூக்குறாரு."

"பார்த்தேன்மா. இவ்வளவு நேரம் தூக்கிட்டிருந்தா கை கடுக்கும். முழங்கையைக் கொஞ்சம் தாங்கிப் பிடிச்சுக்கோ."

தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். கொஞ்ச நாளில் வேலையை விட்டு நின்றுவிட்டாள். வீடு தூரம் என்று காரணம் சொன்னாள், வீடு நாலு தெரு தள்ளித்தான். அவள் போனதில் எனக்கு வருத்தம்தான். இப்போது உங்களிடம் வந்து என்ன சொன்னாளோ தெரியவில்லை, எதுவானாலும் அவள் பொய் சொல்ல மாட்டாள்.

கண்டக்டருக்காக ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கிவைத்தேன், சொந்தச் செலவில். விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று அக்காவிடம் விளக்கினேன். அதைப் போட்ட பிறகு கண்ணீர் தெரியவில்லை.

அக்கா நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல, இப்படிப்பட்டவர்களின் குடும்பங்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தன. மற்ற இடங்களில் நாற்காலியில் கட்டிவைக்கிறார்கள், முழு மயக்கம் கொடுக்கிறார்கள், இந்த டாக்டரிடம் அந்தப் பேச்சே இல்லை, தங்கமான கைராசி என்று பேர். கூட வந்தவர்களை நான் உள்ளே விடுவதில்லை. அவர்கள் பதறினால் இவர்களும் பதறுவார்கள் இல்லையா? பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். எனக்கு ஊசிகூடத் தேவைப்படுவதில்லை என்று அங்கே சொன்னதும் ஒரு அப்பா எழுந்து, "அப்போ ஊசி இல்லாம எங்க பசங்களுக்கு வலிக்காதா டாக்டர்?" என்று கேட்டார். "நம்ம அளவுக்கு இல்லைங்க" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாரையாவது அவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்படுத்த முடியுமென்றால் நீங்களும் செய்திருப்பீர்கள்.

இதற்கிடையில் கண்டக்டர் ஒரு புதுப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கிளினிக் வாசலிலேயே இடது கையைத் தூக்கிவிடுவார். வாட்ச்மேன் பதிலுக்குக் கையாட்டுவார். வரவேற்பில் இருக்கும் பெண் கையாட்டுவாள். காத்திருப்பவர்கள் வீக்கத்தையும் மறந்து கையாட்டுவார்கள். பிறகு பஸ்ஸில், பாலம் வரும்போதே தூக்க ஆரம்பித்தாராம். பிறகு வீட்டில் சட்டை மாற்றும்போதே. நிறுத்தங்களின் பெயர் சொல்வதை எப்போது விட்டாரோ, நான் கவனிக்கவில்லை.

"எதுக்குத் தூக்குறான்னே தெரியலை டாக்டர்," என்றார் அக்கா.

"எனக்கு ஹலோ சொல்றாரு. நான் அவ்வளவு பெரிய ஆளாயிட்டேன்," என்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு தம்பி கையைத் தூக்கினால் அவரும் சேர்ந்து கையாட்டுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அக்காவுக்கே பல்வலி வந்தது. அவ்வளவு பழகியவர் வேறெங்கே போவார்? நாற்காலியில் சாய்ந்தார். ஊசியெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டேன். கையுறையை இழுத்துவிட்டபடி, பழக்க தோஷத்தில், "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுறேன்" என்றேன்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். எழுந்து உட்கார்ந்தார். பாதி உதடு மரத்திருந்ததால் பேச்சு குழறியது.

"என் தம்பிகிட்டயும் இதையேதான் சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான்மா."

கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கக்கூட இல்லை. "வாசல்லேர்ந்தே சொல்லிட்டு வந்தானே," என்றார். நாற்காலியை விட்டு இறங்கி, "நானும் கையாட்டினேனே டாக்டர்," என்றார். அந்தத் துணியோடே படியிறங்கிப் போனார். அவருக்கு நான் பல்லைக்கூட முடிக்கவில்லை. அன்றைக்கே உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்.

இப்போது கண்டக்டருக்கு இன்னொரு பல் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியிருக்கிறதாம். புது டாக்டர் மணிக்கணக்கில் கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லையாம். பல் தேய்க்கிற பிரஷைக் கண்டாலும் கை மேலே போய்விடுகிறதாம், கரண்டியைக் கண்டாலும் அப்படித்தானாம், சாப்பாடு குறைந்துவிட்டதாம். அந்த டாக்டருக்குக் கைராசி போதாது என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் அனுப்பியிருந்தால் ஒரு நொடியில் திறந்திருப்பார்.

உங்கள் கேள்வி ஒன்றேதான்: அவருக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியுமா? தெரியும். ஊசி போடாமல் அடைத்த முதல் சொத்தையிலேயே தெரியும். அவருக்கு மட்டுமில்லை, அப்படி வந்த அத்தனை பேருக்கும் ஊசி இல்லாமல்தான் செய்தேன். கை தூக்கத் தெரிந்தவர்கள் தூக்கினார்கள். தெரியாதவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். வலி என்று வாயால் சொல்லி, வெளியே போய் நாலு பேரிடம் என் பேரைக் கெடுக்கக்கூடியவர் ஒருவருக்கும் நான் ஊசியைத் தவறவிட்டதில்லை. அந்தக் கணக்கில் நான் என்றுமே கவனமாகத்தான் இருந்தேன். இதற்குமேல் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

இந்தக் கடைசி வரிகளை உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்று இதைக் கொடுக்க வரும்போது உங்கள் வராந்தாவில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி என்னைப் பார்த்தார். கன்னம் நன்றாகவே வீங்கியிருந்தது. மெல்ல இடது கையைத் தூக்கினார். நானும் சிரித்தபடி கையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். கதவு மூடும்வரை அவர் கையை இறக்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் என்மேல் பிரியம் மாறாதவர் அவர் ஒருவர்தான்.