பதினெட்டு கிராம் காப்பிக்கொட்டை

...அதனாலதான் சொல்றேனுங்க, எல்லாம் தெரிஞ்சவன்னு ஒருத்தன் வந்தா நான் ரெண்டடி தள்ளி நின்னுக்குவேன். ஏன் சிரிக்கிறீங்க? உங்களைச் சொல்லலைங்க... பக்கத்துல உக்காந்திருக்கறவரைச் சொல்றேன். சரி, மைக்கு கைக்கு வந்துருச்சு, ஒரு குட்டிக் கதை இருக்குது, கேட்டுட்டுப் போங்க. பந்தி அதுக்குள்ள ஓடிப்போயிடாது.

நம்ம கோயமுத்தூர்ல சென்னியப்பன்னு ஒருத்தர். பம்புசெட்டுப் பட்டறை வச்சிருக்கார். நல்ல மனுசன். ஒரு நாள் பெரிய ஓட்டல்ல எஸ்பிரஸ்ஸோ காப்பி குடிச்சார். அவ்வளவுதான்... பேய் புடிச்சுக்கிச்சு. வீட்டுக்கே மெசினை வாங்கிட்டார். இனிமே தூள் ஆகாதாம். முழுக்கொட்டையா வாங்கி, குடிக்கற நிமிசத்துல அரைக்கணுமாம்.

சரி, கொட்டை வாங்கு. எந்தக் கொட்டை? அங்கதானுங்க கூத்து ஆரம்பிச்சுது! முதல் பாக்கெட்டு... புளிக்குதுன்னார். ரெண்டாவது... கரிஞ்சிருக்குதுன்னார். மூணாவதுல எண்ணெய் கசியுது, அரைக்கற மெசின்ல ஒட்டிக்குதுன்னார். நாற்பத்தஞ்சு நாளுங்க! எந்த எஸ்டேட்டு, எத்தனையாயிரம் அடி உசரம், என்னிக்கு வறுத்தாங்க... பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பார். ஒரு கொட்டைக்கு இத்தனை ஜாதகமா?

அவருக்கு ஒரே மக, தாரணி. வேலைக்குப் பரீட்சை எழுதிக்கிட்டு வீட்டுல இருந்துச்சு. ஒரு நாள் வந்து நிக்குது. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு கண்ணு, கொட்டை எடை போடறேன். பதினெட்டு கிராம். அரை கிராம் கொறஞ்சாலும் தண்ணியாயிரும்."

இன்னொரு நாள்... "அப்பா..."

"இரு கண்ணு, சொத்தைக்கொட்டை பொறுக்கறேன்."

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வாயைத் தொறக்கலை. ஒரு காகிதத்தை அவர் மேசை மேல வச்சுட்டுப் போயிடுச்சு. அந்தக் காகிதத்தை ஞாபகம் வச்சுக்குங்க... நான் மறந்தாலும் நீங்க மறக்கக் கூடாது.

இதுக்கு நடுவுல காங்கேயத்துல இருந்து ஒரு வரன். பொண்ணு பாக்கப் புதன்கிழமை நல்ல நாள்னார் ஜோசியர். நம்மாளு என்ன சொன்னார் தெரியுங்களா? "ஆகாதுங்க ஜோசியரே! புது பாக்கெட்டு வறுத்துப் புதனோட நாலு நாள்தான் ஆகுது. பத்து நாளாவது ஆறினாத்தான் ருசி புடிக்கும். செவ்வாய்க்கிழமை வச்சுக்கலாம்."

"செவ்வாய்க்கிழமையா!" ஜோசியர் அலறிட்டார். "ஏனுங்க, நான் பொண்ணுக்கு நாள் பாக்கறனா, கொட்டைக்குப் பாக்கறனா?"

கடைசில செவ்வாய்க்கு மறுநாள் புதன்னு முடிவாச்சு. ஒரு வாரம் தள்ளிப்போச்சு... கொட்டைக்காக!

வந்தாங்க. மாப்பிள்ளைப் பையன், அவங்கப்பா நாச்சிமுத்து, அம்மா சிவகாமி. எருமை கட்டிப் பால் கறக்கற வீடு. அங்க காப்பின்னா சொம்புல வருமுங்க. பலகாரம் ஆச்சு. நம்மாளு பெருமையாக் கொண்டாந்து வச்சார்... இத்துனூண்டு கப்பு. பாலில்லை. சர்க்கரையில்லை. கருகருன்னு ஒரே ஒரு முழுங்கு.

நாச்சிமுத்து கப்பைப் பாக்கறார்... சம்சாரத்தைப் பாக்கறார்... மறுபடியும் கப்பைப் பாக்கறார். பொண்ணு பாக்கப் போன இடத்துல அரை டம்ளர் காப்பி குடுத்தாலே சண்டை வரும். இது அரைக்கால் டம்ளர்! "ஏனுங்க... இது ருசி பாக்கறதுக்குங்களா? காப்பி பின்னால வருதுங்களா?"

நம்மாளுக்கு வெக்கமா வந்துச்சு? உற்சாகம் வந்துச்சுங்க! "நாலாயிரத்து இருநூறு அடி உசரத்துல வெளஞ்சதுங்க. வறுத்து இன்னியோட பதினோரு நாள். முழுங்காதீங்க, நாக்குல நிறுத்துங்க... ஆரஞ்சுத் தோல் வாசம் வருதுங்களா?" கால் மணி நேரம் விடலை.

அந்தம்மா சிவகாமி பொறுத்துப் பொறுத்துப் பாத்துச்சு. "அதெல்லாம் இருக்கட்டுங்க. அம்மிணி கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகுமுங்களா?"

"வேலையா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க! என்னமோ பரீட்சை எழுதுச்சு, தேறலை. வீட்டோட இருந்துக்கும்."

ஒரே வார்த்தை... முடிச்சுட்டார்.

உள்ள இருந்து தாரணி வந்துச்சு. சத்தம் போடலை. "அப்பா, நான் பாஸாகி ஒரு மாசமாச்சு. ஈரோட்டுல பேங்கு வேலை. வர்ற திங்கக்கிழமை சேரணும்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே கண்ணு?"

பொண்ணு மேசையைக் காட்டுச்சு.

அந்தக் காகிதமுங்க! வேலைக்கு வரச்சொன்ன ஆர்டரு! பத்து நாளா அது மேல கொட்டையைப் பரப்பித்தான் மனுசன் சொத்தை பொறுக்கியிருக்கார். பாக்கெட்டுல இருந்த எழுத்தெல்லாம் படிச்சவர்... அடியில இருந்த மக பேரைப் படிக்கலைங்க.

கொட்டையை ரெண்டு கையாலயும் ஒதுக்கினார். படிச்சார். எழுத்துத் தெரியலை, கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு.

சிவகாமி எந்திரிச்சுச்சு. போச்சுடா, கிளம்பிட்டாங்கன்னு எல்லாரும் பதறிட்டாங்க. அந்தம்மா நேரா தாரணிகிட்டப் போச்சு. "அம்மிணி, எங்க பையனை உனக்குப் புடிச்சிருக்குதா? உங்கப்பன் அதையும் கேட்டிருக்க மாட்டாரு." பொண்ணு தலையாட்டுச்சு. "அப்ப நீ வேலைக்குப் போ சாமி. எங்களுக்குச் சம்மதம்." அப்புறம் சென்னியப்பன் பக்கம் திரும்புச்சு. "ஆனா ஒரே ஒரு கண்டிசனுங்க..."

எத்தனை பவுனோன்னு நம்மாளு நடுங்கறார்.

"நிச்சயத்துக்குக் காப்பி மட்டும் எங்கூட்ல இருந்து கொண்டாந்துக்கறோம்!"

சிரிச்சீங்க... சந்தோசம். இப்ப நான் கேக்கறேன், சிரிக்காமச் சொல்லுங்க. உங்க காரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? உடனே சொல்லுவீங்க. உங்க மகனுக்குக் கூட்டாளி யாரு... பேரு சொல்லுங்க? ஏனுங்க, மைக்கு நின்னுபோச்சா? சத்தத்தையே காணோம்!

நல்ல கொட்டை தேடறது தப்பில்லைங்க. நல்லாத் தேடுங்க, நல்லாக் குடிங்க. ஆனா, என்னிக்கு வறுத்தீங்கன்னு கடைக்காரன்கிட்டக் கேக்கத் தெரிஞ்ச வாயிக்கு, "என்னமோ சொல்லணும்னியே கண்ணு, என்ன?"ன்னு பெத்த புள்ளைகிட்டக் கேக்கத் தெரியலைன்னா... அந்த வாயில எந்தக் காப்பியை ஊத்தி என்ன பிரயோசனம்?

வீட்டுக்குப் போனதும் மேசையைப் பாருங்க. அவங்கவங்க பரப்பி வச்சிருக்கற கொட்டையைக் கொஞ்சம் ஒதுக்குங்க. அடியில ஒரு காகிதம் இருக்கும்... உங்க வீட்டுப் புள்ளை வச்சுட்டுப் போனது.